பெரிய மாமாவின் கல்லறை இடம்

“…ரெண்டே ரெண்டு மெழுகுவத்திய அப்படி நகத்தி வையும்மா, ஒரு ஆளு வெளிய வர்ற அளவுக்கு எடம் குடுத்தா போதும்,” என்றார் பெரிய மாமா.

அவர் என் கணவரின் பெரியப்பா. எழுபதைத் தாண்டியவர். கடலூரில் எங்கள் பங்குக் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில், கல்லறைத் திருநாள் சாயங்காலம், ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி இதைச் சொன்னார். அவரைச் சுற்றி நாலு பக்கமும் மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. கால் வைக்க வழியில்லை. நாற்காலி கிடந்தது அவர் தனக்கென்று ஒதுக்கி, சிமெண்டுக் கரை கட்டி வைத்திருக்கும் கல்லறை இடத்தில். பக்கத்திலேயே அவர் மனைவி, பெரிய அத்தையின் கல்லறை. அவள் போனபோதே தனக்கும் சேர்த்து இடம் பிடித்துவைத்த மனிதர் அவர்.

பதில் என்னிடம் தயாராக இருந்தது. அதை வருடக்கணக்கில் வெற்றிலைச் சாறு மாதிரி வாயில் அடக்கி வைத்திருந்தேன். துப்புவதற்கு முன்னால் கொஞ்சம் ருசிக்க வேண்டாமா? நீங்களும் கொஞ்சம் பொறுங்கள். அவர் அந்த நாற்காலிக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று சொல்லிவிட்டு அந்த இடத்துக்கே வருகிறேன்.

நான் தையற்காரி. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சந்துக்குள் கடை. பள்ளிக்கூடப் படிப்பு பாதியில் நின்றது. மீதிப் படிப்பெல்லாம் ரவிக்கைக்கு அளவு எடுக்கும்போது பெண்கள் பேசிய பேச்சிலிருந்து வந்தது. டேப்பை மார்பைச் சுற்றிப் போட்டதும் அவர்களுக்கு வாய் திறந்துகொள்ளும். என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டே பேசலாம். அதனால்தானோ என்னவோ, கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொல்லாததைக்கூட என் கடையில் சொல்லிவிடுவார்கள்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ரவிக்கையின் பக்கத் தையலுக்குள் இரண்டு விரல் துணி அதிகமாக விட்டுத் தைப்போம். உடம்பு பூசினால் பிரித்து விடலாம். ஒரு பெண் மாசமாக இருப்பது சில சமயம் அவள் மாமியாருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். “பக்கம் கொஞ்சம் பிரிச்சி வுடுங்கக்கா” என்று சிரித்துக்கொண்டே ஒரு பை ரவிக்கையைக் கொண்டுவந்து போடுவாள். பிள்ளை பிறந்து, பால்குடி மறக்கும்வரை அந்த ரவிக்கைகள் என்னிடம் திரும்பி வராது. சிலருடையது மட்டும் சீக்கிரமே வந்துவிடும். பழையபடி பிடித்துத் தைக்கச் சொல்வார்கள். சிரிப்பு இருக்காது.

காரணம் கேட்டால் ஒரு வரிதான் வரும். “ஒடம்பு எளைச்சிப்போச்சிக்கா” என்பாள் ஒருத்தி. “டாக்டரம்மா சுத்தம் பண்ணிட்டாங்க” என்பாள் இன்னொருத்தி. சுத்தம் என்றால் எது அழுக்கு என்று எனக்குள் கேட்டுக்கொள்வேன், அவளிடம் கேட்க மாட்டேன். காடாம்புலியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. “வயித்துல இருந்தது என்னாண்ட கோவிச்சிக்கிட்டுப் போயிடுச்சிக்கா.” தானாகப் போனதா, போக வைத்ததா என்று நான் யாரையும் கேட்டதில்லை. தையலுக்கு அது தேவைப்படாது.

என் ரவிக்கையையும் ஒரு சமயம் நானே பிரித்தேன். நானே பிடித்தும் தைத்தேன்.

நான் சிதம்பரத்துப் பக்கம், திருநீறு பூசும் வீட்டில் பிறந்தவள். என் கணவர் வேதக்காரர். ஒருவரை ஒருவர் பிடித்துப்போய், கோயிலில் தாலி கட்டுவதற்காக நான் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டேன். சாமி மாறினாலும் கும்பிடும் கை அதேதானே என்று அப்போது நினைத்தேன். நாங்கள் ரொம்ப காலம் காத்திருந்து தங்கிய கரு அது. ஐந்தாம் மாதம் ஸ்கேன் எடுத்த டாக்டர் திரையை என் பக்கம் திருப்பவில்லை. அதிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. மீதியை சிதம்பரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். குழந்தைக்கு மண்டையோடே கூடவில்லை. பிறந்தாலும் தங்காது. வைத்துச் சுமப்பதோ இப்போதே எடுப்பதோ உங்கள் முடிவு என்றார்கள். நெஞ்சுத் துடிப்பு இருந்தது. அதை இங்கே எழுதாமல் விட்டால் நான் பொய்க்காரி.

நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து அவர் அழுதார். “நீ சொல்றதுதான்” என்றார். நான் சொன்னேன்.

மறுநாள் ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி எங்கள் கையில் கொடுத்தார்கள். கடையிலிருந்து எடுத்துப்போன லைனிங் துணி அது. அதை ஒரு கட்டைப்பைக்குள் வைத்து அவர் மடியில் ஏந்திக்கொண்டார். சிதம்பரத்திலிருந்து கடலூர் பஸ். புதுச்சத்திரம் தாண்டியதும் கூட்டம் ஏறியது. கண்டக்டர் வந்து, பையை மேலே வையுங்கள், இடைஞ்சலாக இருக்கிறது என்றார். என் கணவர் அவரை ஒரு பார்வை பார்த்தார். கண்டக்டர் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். அந்த முகம் தெரியாத மனிதருக்கு இருந்த புத்தி, எங்கள் சொந்தத்துக்கு இல்லை.

கல்லறைத் தோட்டத்துச் சாவி பெரிய மாமா வீட்டு ஆணியில் தொங்கும். பங்கில் பெரிய தலை. சாமியார்கள் மாறுவார்கள், அவர் மாற மாட்டார். போன் போட்டதும் சாவியோடு வந்து கேட்டருகே நின்றார். பூட்டில் சாவியை நுழைத்தும் விட்டார். அப்புறம்தான் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

“தானா போச்சா?”

நான் வெறுமனே தலையை ஆட்டியிருக்கலாம். பூட்டு திறந்திருக்கும். உடம்பில் தெம்பில்லை, பொய்யைச் சோடிக்கிற அளவுக்கு மூளையும் ஓடவில்லை. “இல்ல மாமா, டாக்டரு சொன்னாங்க, நாங்கதான் ஒத்துக்கிட்டோம்” என்றேன்.

அவர் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டார்.

“குடுத்தவருதான் எடுக்கணும்மா. நடுவுல எடுக்க நீங்க யாரு? தானா போயிருந்தா நானே குழி வெட்டச் சொல்லியிருப்பேன். இதுக்கு இங்க எடம் இல்ல.”

சாமியார் புதுச்சேரி போயிருந்தார். அவர் வரட்டும், கேட்டுக்கொள்ளலாம் என்று என் கணவர் கெஞ்சினார். பையைக் கீழே வைக்காமலேயே கெஞ்சினார். யார் வந்தாலும் இதைத்தான் சொல்வார்கள் என்றார் பெரிய மாமா. போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். அதைத்தான் நான் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன். “இன்னிக்கி ஒண்ணுக்குத் தொறந்து வுட்டா, நாளைக்கி ஊருல இருக்கற பொம்பளைங்க எல்லாம் தூக்கிக்கினு வந்து நிப்பாளுங்க.”

அப்படியா மாமா, என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. அன்றைக்கு நிற்கவே முடியவில்லை.

திரும்பவும் சிதம்பரம் பஸ். என் தாய்மாமன் ஊர் சிதம்பரத்துக்குத் தெற்கே, கொள்ளிடம் போகும் வழியில். மாதம் தவறாமல் ஸ்ரீமுஷ்ணம் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வருகிறவர் அவர். பிறந்து பல் முளைக்காததையே எங்கள் பக்கம் எரிப்பதில்லை, புதைப்பதுதான், கருமாதி கிடையாது. அதனால் வாய்க்கால் மேட்டில் ஒரு புங்கமரத்தடியைக் காட்டினார். மறு பேச்சு பேசவில்லை, தானே மண்வெட்டி பிடித்தார். மண்ணைத் தள்ளி மூடியபிறகுதான் பேச ஆரம்பித்தார். முன் சென்மத்துக் கணக்கைத் தீர்க்க ஒரு உயிர் உன் வயிற்றுக்கு வந்தது, தீர்க்க விடாமல் அனுப்பிவிட்டாய், அது மறுபடி உன்னையே தேடி வரும், பரிகாரம் பண்ணாமல் என் வீட்டுப் படி ஏறாதே என்றார். என் அம்மா தில்லைக் காளிக்கு வேண்டிக்கொண்டு என் நெற்றியில் குங்குமத்தை அப்பினாள்.

கவனியுங்கள். ஒருத்தர் இடம் கொடுத்தார், மன்னிக்கவில்லை. இன்னொருத்தர் ஞாயிற்றுக்கிழமைதோறும் மன்னிப்பைப் பற்றிப் பேசுகிறவர், இடம் கொடுக்கவில்லை. இருவரில் யாரைப் பழிவாங்குவது என்று யோசித்தேன் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். யோசித்தேன். மண்வெட்டி பிடித்த கையை விட்டுவிட்டேன்.

அந்தப் புங்கமரத்தடியும் தங்கவில்லை. அடுத்த கோடையில் வாய்க்காலைத் தூர் வார ஜேசிபி வந்தது. மரத்தையும் மேட்டையும் சேர்த்து வாரிவிட்டது. தாய்மாமன் போனில் சொன்னார். சொல்லும்போது அவர் குரலே சரியில்லை. எங்கே என்று காட்டக்கூட இனி ஒரு இடம் கிடையாது என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கருக்கலைப்பைப் பற்றிப் பேச பெரிய மாமாவைக் கோயிலில் மைக் முன்னால் நிறுத்தினார்கள். நன்றாகவே பேசினார், அவருக்குப் பேச வரும். கருவில் இருப்பது வெறும் சதை இல்லை, முதல் நாளிலிருந்தே முழு மனிதன், ஆன்மா உண்டு, பெயர் வைக்காவிட்டாலும் ஆண்டவர் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்றார். பெண்கள் பக்கத்தில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். நானும் துடைத்தேன், எனக்கு வந்தது வேறு கண்ணீர். முழு மனிதன் என்றால் குழி எங்கே? முழு மனிதன் இல்லை என்றால் பாவம் எங்கே? ஆள் என்று சொல்லி என்னைக் கொலைகாரி ஆக்கினீர்கள், ஆள் இல்லை என்று சொல்லி என் பிள்ளையை வெளியே நிறுத்தினீர்கள். ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் மாமா. நான் எழுந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் ஒரு பதில் சொல்லியிருப்பார், ஆமென் போட்டிருப்பார்கள், முடிந்திருக்கும். எனக்கு முடியக்கூடாது. அந்த மனிதர் ஒருநாள் தன் வாயால் என்னிடம் இடம் கேட்க வேண்டும். அன்றைக்கு பூசை முழுவதும் நான் வேண்டிக்கொண்டது இதைத்தான்.

அவர் மருமகள் ரவிக்கைகள் எல்லாம் என்னிடம்தான் வரும். கையைத் தூக்க முடியாதபடி அக்குளில் இறுக்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. துணி என்ன பாவம் செய்தது, அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள் என்று விட்டுவிட்டேன். கையை வேறு இடத்தில் வைக்க வேண்டியிருந்தது.

கல்லறைத் திருநாளன்று தோட்டம் பூராவும் ஒரு சந்தை மாதிரி இருக்கும். முந்தின நாளே ஆண்கள் வந்து புல் செதுக்கி, கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். பெண்கள் செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் அடுக்குவார்கள். ஐப்பசி மழைக்கு மெழுகுவர்த்தி அணையாமல் இருக்கக் கொட்டாங்குச்சி கொண்டுவருவார்கள். சாயங்காலம் சாமியார் தீர்த்தத்தோடு ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டே போவார். அன்றைக்கு கேட்டில் பூட்டு இருக்காது. யாரும் வரலாம்.

முதல் வருடம் நான் ஒரே ஒரு மெழுகுவர்த்தி கொண்டுபோனேன். பெரிய அத்தை கல்லறைக்குப் பக்கத்தில், சிமெண்டுக் கரைக்குள், காலியாகக் கிடந்த மாமாவின் இடத்தில் நட்டு ஏற்றினேன். நாலு செவ்வந்திப் பூவும் போட்டேன். எத்தனையோ மூலை இருக்க அங்கே ஏன் என்று கேட்டால், வஞ்சம்தான், வேறொன்றும் இல்லை. பெரிய அத்தை என்னிடம் ரவிக்கை தைத்தவள் இல்லை, அவளைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் கிடையாது.

அந்த வருடம் பார்த்து எங்கள் பங்குக்குப் புதுச் சாமியார் வந்திருந்தார். இளம் வயது. எந்தக் கல்லறை யாருடையது என்று அவருக்குத் தெரியாது. மெழுகுவர்த்தியும் பூவும் இருந்தால் அது கல்லறை. செபத்தைச் சொல்லி என் மெழுகுவர்த்திக்கும் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போய்விட்டார். பின்னாலேயே வந்த பெரிய மாமா, “சாமி, அது காலி எடம், என்னோடது” என்று ஓடினார். சாமியார் சிரித்துக்கொண்டே, வெறும் மண்ணுக்கும் ஒரு ஆசீர்வாதம் இருக்கட்டுமே என்றாராம். மாமா திரும்பி வந்து, என் கண் முன்னாலேயே இரண்டு விரலால் திரியை நசுக்கி அணைத்தார். திரியை நசுக்கிய விரலை அவர் வேட்டியில் துடைத்ததை மட்டும் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பூசி மெழுகவில்லை. நீங்கள் செய்தது பாவம் என்றுதான் திருச்சபை சொல்கிறது, நானும் அதைத்தான் சொல்வேன் என்றார். ஆனால் புதைக்கக்கூடாது என்று யாரும் எங்கேயும் சொல்லவில்லை, நான் இருந்திருந்தால் திறந்துவிட்டிருப்பேன் என்றார். அவர் சொன்ன முதல் பாதியோடு எனக்கு இன்றுவரை சண்டை உண்டு. இரண்டாம் பாதியைக் கேட்டபோது எனக்கு ஆறுதல் வரவில்லை, நெருப்புதான் வந்தது. அப்படியானால் பூட்டியது வேதம் இல்லை, ஒரு மனிதனுடைய கை. பாவசங்கீர்த்தனம் செய்துகொள்ளுங்கள் என்றார். செய்தேன். பழிவாங்கப்போவதை மட்டும் சொல்லவில்லை. இனிமேல் செய்ய மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டியிருக்குமே.

அடுத்த திருநாளுக்கு முன்னால், ரவிக்கையைப் பிடித்துத் தைக்க வந்த பெண்கள் ஒவ்வொருத்தியிடமும் ஒரு வரி சொன்னேன். அளவெடுத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், “ஒரு மெழுகுவத்தி எடுத்துக்கிட்டு கல்லறைக்கு வர்றியா?” என்றேன். எதற்கு என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

பரங்கிப்பேட்டையிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் அக்கா, லாத்தா என்றுதான் கூப்பிடுவேன், என் பழைய வாடிக்கை. அவள் யோசித்துச் சொன்னாள். “நாலு மாசத்துக்கு அப்புறந்தான் ரூஹு, அதான் ஆன்மா, ஊதப்படும்னு எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்து சொல்வாக. என்னோடது அதுக்கு முந்தியே எடுத்தது, என் உசுருக்கு ஆவத்துன்னு. அப்ப அதுல ஒண்ணுமில்லன்னுதானே அர்த்தம்? எனக்கு மட்டும் அப்படித் தோணவே இல்லடி.” மெழுகுவர்த்தி ஏற்றுவது எங்கள் வழக்கமில்லை, வாசலில் நிற்கிறேன் என்றாள். சொன்னபடி வந்து, மழைத் தூறலில் கேட்டருகே குடையோடு நின்றாள். வந்தவர்களின் குடையையும் செருப்பையும் பார்த்துக்கொண்டாள்.

திட்டக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, பெருமாள் கோயில் துளசியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். இன்னொருத்திக்குத் தானாகக் கலைந்தது. எடுத்ததுங்களோடு சேர்த்து என்னுடையதை வைக்க மாட்டேன் என்றாள். தள்ளி ஓரமாக வை என்றேன். வைத்தாள். வேறொருத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “டாக்டரும் சொல்லல, ஆவத்தும் இல்லக்கா. இருக்கறத வளக்கவே முடியலன்னு நானாத்தான் போயி எடுத்துக்கிட்டேன். எனக்கு அழுகையும் வரல, நிம்மதிதான் வந்துச்சி. நான் வரலாமா?” வா என்றேன். அதில் பாதி பாசம், பாதி ஆள் சேர்க்கும் வெறி. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை. அவள் ஒவ்வொரு வருடமும் வருகிறாள். ஏற்றி வைத்துவிட்டு, செபம் சொல்லாமல், உடனே பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுகிறாள்.

ஊரில் இருக்கிற பெண்கள் எல்லாம் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள் என்றார் அல்லவா மாமா? வந்து நின்றார்கள்.

அவர் சும்மா இருப்பாரா? அடுத்த வருடம் அந்த இடத்தில் ஒரு தகரப் பலகை நட்டார். “ஒதுக்கப்பட்ட இடம்” என்று பெயிண்டில் எழுதியிருந்தது. அன்றைக்குக் கடல் காற்று பிய்த்துக்கொண்டு போனது. தோட்டம் முழுக்க மெழுகுவர்த்திகள் அணைந்து அணைந்து எரிய, தகரத்தின் மறைவில் எங்களுடையது மட்டும் நிமிர்ந்து எரிந்தது. பக்கத்துக் கல்லறைக்காரர்கள்கூட அங்கே வந்து நெருப்பு வாங்கிப்போனார்கள். அதற்கடுத்த வருடம் பலகையைப் பிடுங்கிவிட்டு ஜல்லி கொட்டினார். ஈர மண்ணில் சாய்ந்து சாய்ந்து விழுந்த மெழுகுவர்த்தி ஜல்லியில் கல் மாதிரி நின்றது. வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் எப்போதும் “விட்டுடு, பெரியவரு” என்கிறவர். அன்றைக்கு மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே, “அடுத்த வருசம் சிமெண்டு போடுவாரு, துடைக்க சுலுவா இருக்கும்” என்றார். அடுத்த ஐப்பசியில் நான் கேட்காமலேயே என் தையல் மிஷின் மேல் ஒரு பெட்டி மெழுகுவர்த்தி இருந்தது.

சிமெண்டு போடவில்லை. இந்த வருடம் அவரே வந்து உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானச் சாப்பாட்டை முடித்ததும் வந்துவிட்டாராம். தேய்த்த வேட்டி, வெள்ளைச் சட்டை, நீல நாற்காலி. ஜல்லியின் நட்டநடுவில் போட்டு, ராஜா மாதிரி இருந்தார். போகிற வருகிறவர்கள் வணக்கம் சொல்ல, கையெடுத்துத் திருப்பி வணக்கம் சொன்னார். எங்கள் பெண்கள் வந்து என் முகத்தைப் பார்த்தார்கள். ஆள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எப்படி என்ற கேள்வி எல்லார் முகத்திலும் இருந்தது. பெரியவர் ஒருவரின் காலடியில் குனிவதா என்று எனக்கும் ஒரு நொடி கூச்சம். அப்புறம் அந்தக் கட்டைப்பை ஞாபகம் வந்தது. குனிந்தேன். நாற்காலியின் முன்கால் ஓரத்தில் ஜல்லியை விலக்கி முதல் மெழுகுவர்த்தியை நட்டேன்.

“இன்னாம்மா இது?” என்றார்.

“ஒங்கள எந்திரிக்கச் சொல்லல மாமா, நீங்க உக்காருங்க,” என்றேன்.

அவர் சிரித்தார். நாலு மெழுகுவர்த்தி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்திருப்பார். யாரோ ஒரு பழைய ஆபீஸ் சிநேகிதர் வந்து பேச்சுக் கொடுக்க, அவர் அந்தப் பக்கம் திரும்பினார். அந்த நேரத்துக்குள் பெண்கள் பின்பக்கம் போய்விட்டார்கள். ஒருத்தி வைக்க, அதிலிருந்து நெருப்பெடுத்து அடுத்தவள் வைக்க, கரைக்குள் இருந்த ஜல்லி முழுதும் நிரம்பிவிட்டது. தானாகக் கலைந்ததை ஓரமாக வைப்பவளுக்குக்கூட இந்த முறை ஓரம் கிடைக்கவில்லை. நடுவில்தான் வைத்தாள். மாமா திரும்பிப் பார்த்தபோது, நாற்காலி ஒரு தீவு.

அந்த நேரம் பார்த்து சாமியார் வந்தார். அதே சாமியார்தான். இத்தனை வருடத்தில் அவருக்கு எல்லாம் தெரியும். இருந்தாலும் மெழுகுவர்த்தி உள்ள இடத்தை அவரால் தாண்டிப் போக முடியாது, அதுவும் எல்லாருக்கும் தெரியும். இறந்தவர்களுக்கான செபத்தை முழுதாகச் சொல்லி, தீர்த்தத்தை வீசித் தெளித்தார். மாமாவின் கண்ணாடியெல்லாம் தண்ணீர். எதிர்க் கல்லறையில் பூ அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர், “பெரியவரே, ஒங்களுக்கும் சேத்து மந்திரிச்சாச்சி, இனிமே கவல இல்ல” என்றார். சுற்றிலும் சிரிப்பு. நானும் சிரித்தேன். எனக்கு இனித்தது. இதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை.

மாமா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். இருட்டத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்ப ஆரம்பித்தது. அவர் எழுந்து நின்று ஒரு காலைத் தூக்கினார், வைக்க இடம் தேடினார். வேட்டி விளிம்பில் சூடு தட்டியிருக்க வேண்டும், சட்டென்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார். குனிந்து அணைக்கலாம் என்றால் அவருக்கு முட்டி மடங்காது. எத்தி விடலாம், அதற்குக் கால் எட்டும். எத்தவில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதாலா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியாது. முதலில் சாமியாரைத் தேடினார், அவர் தூரத்தில் இருந்தார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பி, ரெண்டே ரெண்டு மெழுகுவத்தியை நகர்த்தச் சொன்னார். ஒரு ஆளு வெளிய வர்ற அளவுக்கு எடம் குடுத்தா போதும் என்றார்.

பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கேட்டருகே லாத்தா குடையை மடக்கிக்கொண்டு பார்த்தாள்.

பஸ்ஸில் மடியில் ஏந்திக்கொண்டு வந்த கையை நினைத்தேன். சாவியை உருவிய கையை நினைத்தேன். அவர் அன்றைக்கு எந்தக் குரலில் சொன்னாரோ அதே குரலில், கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

“இதுக்கு இங்க எடம் இல்ல மாமா.”

அவர் காலைச் சுற்றி எரிந்துகொண்டிருந்தவற்றைப் பார்த்தார். நாற்காலியின் கையைப் பிடித்து மெதுவாகத் திரும்ப உட்கார்ந்து, தரையில் தொங்கிய வேட்டி விளிம்பை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.